பேரை மாத்துனா போட்டோ தொறக்குமா மருமவனே?

வா மருமவனே, உக்காரு. புது ஐபோன் வாங்கிருக்கேன்னு உங்க அத்தை சொன்னா. ரொம்பச் சந்தோசம். கன்னத்துல கெடக்க மச்சம்கூட எண்ணுத அளவுக்குப் படம் விழுதாமே! ஆனா ஒண்ணு, அந்த மச்சத்தை உன் போன்ல மட்டுந்தான் எண்ண முடியுது. செராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்ல போட்டா படம் தொறக்கவே மாட்டேங்கு. அந்தக் காலத்துல ஸ்டூடியோவுல போயி விறைச்சிக்கிட்டு நின்னு ஒரு போட்டோ எடுத்தா, ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரும் பாத்துட்டு, 'இவன் ஏம்டே இப்படி முழிக்கான்'னு கேப்பான். உன்னையப் பாத்து அப்படி ஒருத்தனும் கேக்க முடியாது. அம்புட்டுப் பாதுகாப்பு!

நான் எப்படி இதெல்லாம் கண்டேன்னு பாக்கியா? தெனமும் அந்தக் கடை பெஞ்சுல உக்காந்துதான் ஓசிப் பேப்பர் படிக்கேன். கண்ணு பேப்பர்ல கெடக்கும், காதுக்கு வேற சோலி என்ன இருக்கு? கடைக்காரத் தம்பி படுத பாட்டைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி தொழில் படிஞ்சு போச்சு.

உன்மேல குத்தமில்ல. போன்மேலயும் இல்ல. ஆப்பிள்காரன் 2017-ல ஐஓஎஸ் 11 விட்டப்போ, கேமராவுக்குப் புதுப் பழக்கம் ஒண்ணு சொல்லிக் குடுத்தான். படத்தை ஜேபெக்கா எழுதாதே, ஹெச்இஐசியா எழுதுன்னான். அதே படம், ஏறக்குறையப் பாதி இடத்துல அடங்கிரும். நல்ல வித்தைதான், யாரு இல்லேன்னா? உள்ளுக்குள்ள ஓடுதது ஹெச்இவிசின்னு வீடியோவைச் சுருக்குத முறை. அந்த முறைக்குக் காப்புரிமை கொண்டாடிக்கிட்டு ஏகப்பட்ட கம்பெனி வரிசையில நிக்கி. பல விண்டோஸ் கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு தனியாத் துண்டு சாஃப்ட்வேர் ஏத்துனாத்தான் படம் தெரியும். ஹெச்இவிசித் துண்டுக்கு மைக்ரோசாஃப்ட் கடையில காசும் கேக்கான். ஆக, உன் படம் தொறக்காததுக்குப் பின்னால விஞ்ஞானம் பாதி, வரவுசெலவு பாதி.

வாட்ஸப்புல சாதாரணமா அனுப்பிருந்தா, அதுவே ஜேபெக்கா மாத்தி, நல்லாப் பிழிஞ்சு அனுப்பி வச்சிருக்கும். நீ விவரமான ஆளுல்லா? 'க்ளாரிட்டி போயிரும்'னு டாக்குமெண்டா அனுப்புனே. படம் அப்படியே முழுசாப் போயிச் சேந்துச்சு, ஹெச்இஐசியாவே. க்ளாரிட்டி பத்திரமா இருக்கு மருமவனே, பாக்கத்தான் ஆளில்ல.

அதுக்கப்புறம் செஞ்சே பாரு ஒரு காரியம், அதைத்தான் என்னால மறக்க முடியல. ஃபைல் பேருக்குக் கடைசில கெடந்த ஹெச்இஐசிய அழிச்சிட்டு, அந்த எடத்துல ஜேபெக்குக்கு உள்ள ஜேபிஜின்னு எழுதுனே. எழுதிட்டு அந்தத் தம்பியத் திரும்பி ஒரு பார்வை பாத்தே! கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்சவன்கூட அப்படி ஒரு பார்வை பாத்திருக்க மாட்டான். நானும் பேப்பரை எறக்கி வச்சிட்டு, ஆகா, நம்ம மருமவன் பெரிய ஆளாயிட்டான்னு பூரிச்சிப் போனேன். தம்பி தட்டுனான். தொறக்கல.

எப்படித் தொறக்கும்? ஒவ்வொரு படத்துக்கும் தொடக்கத்துலயே அது இன்னதுன்னு அடையாளம் எழுதிருக்கும். ஜேபெக்குன்னா மொத ரெண்டு பைட்டு எஃப்எஃப், டி8. பிஎன்ஜின்னா ரெண்டாவது பைட்டுலருந்து பி, என், ஜின்னே எழுதிருக்கும். நீ வெளியில என்ன பேரை வச்சாலும் உள்ள இருக்கது அசையாது. சில சாஃப்ட்வேர் உள்ள எட்டிப் பாத்து, 'யாரோ ஒரு மகராசன் பேரை மாத்திக் கொண்டாந்திருக்கான்'னு கண்டுக்கிட்டுத் தொறந்து குடுக்கும். மத்தது எல்லாம் 'ஃபைல் கெட்டுப்போச்சு'ன்னு கையை விரிச்சிரும். நெசமா மாத்தணும்னா படத்தைப் பிரிச்சு, வேற முறையில திருப்பி எழுதணும். அந்தச் சோலிய விண்டோஸ்ல பெயிண்ட் 'சேவ் ஆஸ்'ல செய்யும். மேக்னா ப்ரிவியூவுல 'எக்ஸ்போர்ட்'. இதுக்கு இன்ஜினியரிங் படிக்கணும்னு இல்ல, படிச்சிருந்தாலும் பாதகமில்ல.

உன்னைய மட்டும் கேலி பண்ணுதேன்னு மூஞ்சியத் தூக்காத. 2020 மே மாசம், கொரோனா நேரத்துல, அமெரிக்காவுல காலேஜ் போர்டுங்கிற அமைப்புக்காரங்க ஏபின்னு ஒரு பரிச்சைய வீட்டுலருந்தே எழுத விட்டாங்க. கையால எழுதுத பிள்ளைக விடையப் போன்ல போட்டோ எடுத்து ஏத்தணும். ஐபோன் எடுத்தது ஹெச்இஐசி. பரிச்சைத் தளம் வாங்குதது ஜேபெக்கும் பிஎன்ஜியும். ஏத்த ஏத்தப் போகாம, நேரம் முடிஞ்சு, ஜூன்ல மறுபடி எழுதுன்னு சொல்லிட்டாங்க. கால்குலசைக் கரைச்சுக் குடிச்ச பிள்ளைகளே கவுந்த எடத்துல நீ கவுந்தது ஒரு வகையில பெருமைதான்.

வழி என்னன்னா, செட்டிங்ஸ்ல கேமரா, அதுக்குள்ள ஃபார்மட்ஸ், அதுல 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'. ஒரே தட்டு. அதுலருந்து எடுக்குத படமெல்லாம் ஜேபெக்கா விழும். முன்னால எடுத்தது மாறாது. அதைத் தனியாத்தான் மாத்தணும். இடம் கூடப் பிடிக்குமேன்னு கவலைப்படுதியா? ஒரே மூஞ்சிய முப்பது கோணத்துல எடுக்கதைக் கொறைச்சா அந்த இடம் தன்னால கெடைச்சிரும்.

சரி, ஜேபெக் ஆயாச்சு. மாத்துன கை சும்மா இருக்குமா? ஓரத்தை வெட்டி ஒரு சேவ். வெளுப்புக் கூட்டி ஒரு சேவ். மறுநாள் கண்ணாடி மாட்டி இன்னொரு சேவ். ஜேபெக்கு 1992-ல தரம் குறிச்ச முறை. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளியா கட்டம் கட்டி, மனுசக் கண்ணுக்கு உறைக்காத நுணுக்கத்தை எடுத்து வீசிரும். அதனாலதான் அம்புட்டுச் சிறுசா அடங்குது. வீசுனது வீசுனதுதான், திரும்ப வராது. திருத்தித் திருத்தி சேவ் பண்ணப் பண்ண மறுபடி வீசும். தேங்காப்பால் எடுக்கது மாதிரிதான்: மொதப்பால், ரெண்டாம்பால், மூணாம்பால். நீ அதோட விடமாட்டே. மூணாம்பாலை வெள்ளிச் சொம்புல ஊத்தி, மொதப்பால் ஆக்கப் பாப்பே. மங்குன ஜேபெக்கை பிஎன்ஜியா மாத்துனாத் தெளிஞ்சிரும்னு உனக்கு எந்த மகான் சொன்னான்? ஃபைலு பெருக்கும், படம் தெளியாது. பிஎன்ஜி இருக்கதைக் காப்பாத்தும். இல்லாததைக் கொண்டாந்து சேக்காது.

அதுக்காக பிஎன்ஜியக் கொறச்சு எடை போடாத. அது பொறந்த கதையே ஒரு வீம்பு. 1987-ல கம்ப்யூசர்வ்னு ஒரு கம்பெனி ஜிஃப்பை விட்டுச்சு. ஒரு படத்துக்கு 256 நிறம், அதுக்கு மேல கெடையாது. ஊரு ஒலகம் முழுக்கப் பழகுன பெறகு, 1994 கடைசில யூனிசிஸ்னு இன்னொரு கம்பெனிக்காரன் வந்து, 'இதுக்குள்ள சுருக்குத வித்தைக்கு உரிமை எங்களுது, காசை எடு'ன்னான். கோவத்துல ஆளுக கூடிப் பேசி, காசு கேக்க முடியாத மாதிரி பிஎன்ஜிய உண்டாக்குனாங்க. 1996 அக்டோபர்ல வெப்புக்கு வரைமுறை வகுக்குத டபிள்யூ3சி அதை ஏத்துக்கிட்டுச்சு. நிறத்துக்குப் பஞ்சமில்ல, சேவ் பண்ணுததுல ஒண்ணும் போகாது, பின்னணி இல்லாமலும் படத்தை வச்சிக்கலாம். கோவம் வந்தா நம்மாளு பஸ்ஸு மேல கல்லெறிவான். அவனுக புது ஃபார்மட் எழுதிருக்கானுவ.

பின்னணின்னதும் நெனைப்பு வருது. கோயில் கொடைக்கு நீயும் உன் கூட்டாளிகளும் வச்ச ஃப்ளெக்ஸை ஊரே நின்னு பாத்துச்சு. செவப்பு ஃப்ளெக்ஸு, நடுவுல உங்க மன்றத்துச் சின்னம், அதைச் சுத்தி வெள்ளை வெளேர்னு ஒரு கட்டம். ஏம்டே கட்டம்னு கேட்டா, டிசைனுன்னே. டிசைனு கெடையாது மருமவனே, நல்லா இருந்த பிஎன்ஜிய ஜேபெக்கா மாத்தி அனுப்பிருக்கே. ஜேபெக்குக்கு ஊடுருவித் தெரியுத பின்னணியே கெடையாது. வெறும் எடத்தை வெள்ளையோ கறுப்போ பூசி அடைச்சிரும். பக்கத்துல உன் படம். வாட்ஸப் டிபிய எடுத்துப் பத்தடிக்கு இழுத்திருக்கானுவ. மூக்கு எங்க முடியுது, மீசை எங்க தொடங்குதுன்னு அம்மனுக்கே தெரிஞ்சிருக்காது. எந்த ஃபார்மட்டுக்கு மாத்துனாலும் இல்லாத புள்ளி மொளைக்காது. சின்னம், எழுத்து எல்லாம் வரைஞ்சவன்கிட்டயே போயி எஸ்விஜியா கேளு. அதுல கோடும் வளைவும் கணக்கா இருக்கும், பத்தடிக்கு இழுத்தாலும் கரை உடையாது.

நெட்டுல சாமி படத்தை எறக்குனா வெப்பின்னு வருதுல்லா? அது கூகுள் 2010-ல விட்டது. உன் வாட்ஸப் ஸ்டிக்கரும் அதே எனந்தான். ஐபோன் சஃபாரியே 2020-லதான் அதை ஏத்துக்கிட்டுச்சு. பத்து வருசம் யோசிச்சிருக்கான் ஆப்பிள்காரன்; நோட்டீஸ் அடிக்க அண்ணாச்சியோட பழைய சாஃப்ட்வேர் இன்னும் யோசிக்கட்டும், விடு. அவருக்கு ஜேபெக்கோ டிஃப்போ மாத்திக் குடு. குடுக்கதுக்கு முன்னால எது வேணும்னு அவருகிட்ட வாய்தொறந்து கேளு. கேக்கதுக்கு எந்தக் கம்பெனியும் காப்புரிமை வாங்கல.

இப்ப உன் வேலைக்கு வருவோம். நீ விண்ணப்பம் போடுத வங்கிப் பரிச்சைக்கு, அதை நடத்துத ஐபிபிஎஸ் என்ன கேக்கான்? போட்டோ 200-க்கு 230 புள்ளி, 20 கேபிக்கு மேல 50 கேபிக்குள்ள. கையெழுத்து 140-க்கு 60 புள்ளி, 10-லருந்து 20 கேபி. நீ 3 எம்பி படத்தைத் தூக்கிக்கிட்டுப் போயி, 'ஜேபெக்காத்தானே மாத்திருக்கேன், ஏன் வாங்க மாட்டேங்கான்'னு கத்துதே. ஃபார்மட்டு ஒரு கேள்வி, அளவு இன்னொரு கேள்வி. ஒண்ணுக்குப் பதில் எழுதிட்டு ரெண்டுக்கும் மார்க்கு கேட்டா எப்படி? முதல்ல புள்ளியக் கொறை, அப்புறம் தேவைப்பட்டா தரத்தைக் கொறை. எடுத்த எடுப்புல தரத்தைக் கொறைச்சா உன் மூஞ்சி கட்டம் கட்டமாப் போயிரும். பரிச்சைக் கூடத்துல உன்னையும் படத்தையும் ஒப்பிட்டுப் பாக்கவன் பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்கு.

இன்னொண்ணு, இதை மட்டும் கேலியா எடுத்துக்காத. 'ஆன்லைன்ல ஃப்ரீயா மாத்தித் தாரோம்'னு தளம் ஆயிரம் இருக்கு. பூப் படத்தை ஏத்து, நாய்க்குட்டிய ஏத்து. உங்க அத்தை வீட்டுப் பத்திரத்தை நாலு பேரு பாத்துரக் கூடாதுன்னு பொடவைக்கு அடியில மடிச்சு வச்சிருக்கா. நீ அதையே போட்டோ பிடிச்சு, ஆதாரையும் கையெழுத்தையும் கூடச் சேத்து, பேரு ஊரு தெரியாதவன் சர்வருக்கு அனுப்புதே. பெயிண்ட் இருக்கு, இர்ஃபான்வியூ இருக்கு. நூறு படத்தை ஒரே மூச்சுல மாத்தணும்னா இமேஜ்மேஜிக் இருக்கு. எல்லாம் உன் கம்ப்யூட்டருக்குள்ளயே வேலைய முடிச்சிரும். போன் எடுத்த படத்துக்குள்ள எந்த எடத்துல நின்னு எடுத்தேங்கிறதும் எழுதிருக்கலாம். ஃபார்மட்டை மாத்துனா அதுவும் அழிஞ்சிரும்னு நம்பாத, பாத்து அழி.

மொத்தத்துல விசயம் இதுதான்: எடுத்த மூலப் படத்து மேல கையே வைக்காத. அதுலருந்து நகல் போடு, நகலைத்தான் மாத்தணும், நகலைத்தான் வெட்டணும், நகலைத்தான் குடுக்கணும். வாங்குதவனுக்கு எது தொறக்குமோ அதுதான் நல்ல ஃபார்மட்; உன் போன் வெலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அப்புறம், நீ தொறக்காத ஃபைலோட மல்லுக்கட்டுதேன்னு ஐபிபிஎஸ்காரன் கடைசித் தேதியத் தள்ளி வைக்க மாட்டான். முந்தின நாளே மாத்தி, இன்னொருத்தன் கம்ப்யூட்டர்ல தொறந்து பாத்து வச்சிரு.