ஒரிஜினல் அண்ணன்

ஒரிஜினல் அண்ணனை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு முந்திக்கொண்டிருக்கும்போது, வெளியே யாரோ ஒருவருடைய பழைய அம்பாசடருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கிரில்லை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். கார்க்காரர் வந்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "பம்பர் ஒரிஜினல் இல்லீங்க" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்லுவார். வந்தவர் கார்க்காரர் இல்லை, வாடகைக்கு வந்த டிரைவர் என்று பிறகு தெரியவரும். அதனால் அண்ணனுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

ஊர் கோயமுத்தூர். தொழில், பம்ப் செட்டுக்கு வார்ப்பு போட்டுக் கொடுக்கும் பவுண்டரி. அதை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். அதாவது, அண்ணன் பவுண்டரிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறான். சொத்து, 1966ஆம் வருஷத்து பியட் 1100 டிலைட். 1974இல் பத்மினி என்று பெயர் சூட்டப்பட்டு, தொண்ணூறுகளின் கடைசிவரை பம்பாய் குர்லாவிலிருந்து வந்துகொண்டிருந்ததே, அந்தக் காருக்கு அக்கா. பதவி, வட்டாரப் பழங்கார் சங்கத்தின் செயலாளர். தலைவராக யாராவது ஒரு மில் முதலாளி இருப்பார். மாலை வாங்கிக்கொள்ள அவர். கேனில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு ஓட அண்ணன்.

சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு இடைஞ்சலாக வரிசையாய்ச் சில கார்கள் நின்றால் அதுதான் சங்கம். மோரிஸ் மைனர் வைத்திருக்கும் டாக்டர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், பழைய பென்ஸ் வைத்திருக்கும் திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதியாளர், ஆஸ்டின் ஏ40 வைத்திருக்கும் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஐயா. இந்த ஐயாவிடம் தெரியாத்தனமாக "இது எந்த நாட்டுக் கார்?" என்று கேட்டுவிட்டால் காபி ஆறிப்போகும். "நம்ம எண்ணூருதானுங்க" என்று ஆரம்பிப்பார். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் காரைப் பூட்டி விற்றார்கள். 1955இல்தான் அது அசோக் லேலண்டு ஆகி லாரி, பஸ் பக்கம் போனது. இதை ஐயா சொல்லி முடிக்கும்போது, ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸெல்லாம் அவருடைய காருக்குத் தம்பிமுறை ஆகிவிட்டிருக்கும்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் கேள்வி மூன்று. மைலேஜ் எவ்வளவு தரும், விற்பீர்களா, மச்சினன் கல்யாணத்துக்கு ஒருநாள் கிடைக்குமா. முதல் இரண்டுக்கும் அண்ணன் முறைப்பதோடு சரி. மூன்றாவதற்குச் சட்டம் பேசுவார். ஐம்பது வயதைத் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கென்று 2021இல் மத்திய அரசு தனி விதி போட்டது. புதிதாகப் பதிந்தால் நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய்; ஏற்கெனவே நம்பர் உள்ளவர்கள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்த வண்டியை வாடகைக்கு விடக் கூடாது, தினப்படி ஓட்டவும் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், ஊர்வலத்துக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம், ரிப்பேருக்குப் போகலாம். இந்த விதியை எழுதிய அதிகாரி யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் சங்கத்தை ஒரு மாதமாவது கூட இருந்து கவனித்திருக்கிறார். நாங்கள் செய்வது இந்த நான்கைத்தான்; அதிலும் முக்கால்வாசி கடைசி இரண்டைத்தான்.

ஒருமுறை ஒரு பையன் 1998ஆம் வருஷத்து அம்பாசடரில் வந்து உறுப்பினராகச் சேரக் கேட்டான். நன்றாகத் துடைத்து மெருகேற்றிய வண்டி. அம்பாசடர் 1957இல் பிறந்து 2014வரை பெரிய மாற்றமில்லாமல் வந்ததால், அவனுடையதற்கும் தாத்தா வண்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். "நல்ல வண்டிதான் கண்ணு. ஆனா இன்னும் வயசுக்கு வரலை" என்று சொல்லி, 2048இல் வரச் சொன்னார். பையன் போனபிறகு, அவனுடைய வைப்பர் பிளேடு ஒரிஜினலா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

ஒரிஜினல் என்பது அண்ணனுக்கு மதம். ஸ்டார் ஸ்குரூவைப் பார்த்தால் முகம் சுளிப்பார். அந்தக் காலத்தில் மைனஸ் ஸ்குரூதான். கதவுக் கைப்பிடி ஒன்றுக்காகப் புதுப்பேட்டையில் அலைந்து, அங்கே கிடைக்காமல் கல்கத்தா மல்லிக் பஜார்வரை ரயிலேறிப் போய் வந்திருக்கிறார். போன இடத்தில் காளி கோயிலைப் பார்த்தீர்களா என்று அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, கேட்டதற்கு, "வழியிலதான் இருந்துச்சு" என்றாராம். இவ்வளவு ஆசாரம் பார்க்கிறவர், எங்கேயும் கிடைக்காத சாமானுக்குக் கணபதியில் தெரிந்த லேத்துக்குப் போவார். கோயமுத்தூரில் பழங்கார் வைத்திருப்பதில் உள்ள பெரிய சௌகரியம் இதுதான். தேய்ந்துபோன புஷ்ஷைக் காட்டினால் சாயங்காலத்துக்குள் புதிதாகக் கடைந்து கையில் கொடுத்துவிடுவார்கள். கிங்பின், புஷ், கிளட்ச் ஷாப்ட், சைலன்சர் என்று அண்ணன் காரில் பாதி இப்படி வந்ததுதான். தரை தகடு போட்டது. கூரை டிங்கரிங் பார்த்தது. சீட்டு மூன்றாவது துணி. "அப்புறம் எதுண்ணா ஒரிஜினல்?" என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பெட்ரோல் முள்ளுங்க" என்றார். அப்பா காலத்திலேயே அரை டேங்கில் நின்றுபோன முள். அதைக் கழற்றினால் டேஷ்போர்டின் அசல் தன்மை கெட்டுவிடுமாம். அதனால் டேங்குக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டு, ஈரம் எதுவரை என்று பார்த்துக் கணக்குச் சொல்லுவார். குச்சியிலும் கோடு கீறி, காலன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் மியூசியம் இருக்கிறது. 2015இல் திறந்தது. வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் அண்ணன் அங்கே அழைத்துப் போய்விடுவார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒற்றை பஸ்ஸை ஓட்டி நாயுடு தொழில் தொடங்கிய கதையை, தான் டிக்கெட் வாங்கி அதில் ஏறியதைப் போலவே சொல்லுவார். சங்கிலி கட்டிய காருக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். ஆனால் வெளியே வரும்போது முகத்தில் பெரிய திருப்தி இருக்காது. நான் காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். அங்கே எந்த பானெட்டையும் திறந்து கையைவிட முடியாது.

பானெட்தான் விஷயம். சங்கத்தில் எந்தக் காருக்கு மதிப்பு என்பது விலையைப் பொறுத்ததில்லை. பென்ஸுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது, அது நிற்பதேயில்லை. மரியாதையெல்லாம் ஹெரால்டுக்குத்தான். 1961இல் தொடங்கி வண்டலூர்ப் பக்கம் தயாரான கார் அது. அதன் பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக முன்பக்கம் மடிந்து திறக்கும். எஞ்சின் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். ஆறு பேர் தாராளமாகச் சுற்றி நிற்கலாம், இரண்டு பேர் டயர்மேல் உட்காரலாம். அம்பாசடரில் அதிகம் போனால் மூன்று தலை. மோரிஸ் மைனரில் டாக்டர் ஒருவர் குனிந்தால் மற்றவர்கள் அவருடைய முதுகைத்தான் பார்க்க முடியும். அதனாலேயே டாக்டருக்குச் சங்கத்தில் நண்பர்கள் கொஞ்சம் குறைவு.

போன வருஷம் குன்னூருக்கு ஊர்வலம் போனோம். பதினொரு மணிக்கு அங்கே வரவேற்பு, விழா. முன்னால் அண்ணனின் பியட். கடைசியில், எல்லோருடைய ஸ்பேரையும் ஸ்பேனரையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் கார்களுக்கு ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரியின் மாருதி ஆம்னி. அந்த ஆம்னி இதுவரை எங்கேயும் நின்றதில்லை. அதை யாரும் போட்டோ எடுத்ததும் இல்லை.

கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் பதினான்கு கொண்டை ஊசி. பர்லியாறு நெருங்கும்போது பியட் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அண்ணன் இறங்கினார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோயமுத்தூரிலிருந்து அதுவரை கவலையாக இருந்த மனிதர், துண்டை உதறித் தோளில் போட்டு, "சரிங்க, நின்னுபோச்சு" என்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும் குரலில் அறிவித்தார். பின்னால் வந்த கார்களெல்லாம் ஓரங்கட்டின. பானெட் திறந்தது. தலைகள் உள்ளே போயின.

டாக்டர் பெட்ரோல் பம்ப்மேல் கையை வைத்து நாடி பார்த்துவிட்டு, "வேப்பர் லாக்" என்றார். சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் இழுக்காது. ஈரத்துணி சுற்றினால் சரியாகும். தண்ணீர் பாட்டில் வந்தது, அண்ணனின் துண்டு நனைந்து பம்ப்மேல் ஏறியது. பொள்ளாச்சி ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. "பாயின்ட் கருகியிருக்கும்" என்று டிஸ்ட்ரிபூட்டர் மூடியைக் கழற்றி, பையிலிருந்து எமரித் தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பேங்க் மேனேஜர் பிளக்கெல்லாம் கழற்றி வரிசையாகப் பாறைமேல் அடுக்கினார். இதற்குள் பேச்சு, பெட்ரோலில் இருபது சதம் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய் ஊறிப்போகிறது என்பதில் போய், எந்த அமைச்சர், எந்த ஆட்சி என்று அரசியலில் ஏறி, ஐம்பது பைசாவுக்கு பெட்ரோல் விற்ற காலத்தில் போய் நின்றது.

அக்கா இதெல்லாம் பார்த்துப் பழகியவர். மடக்கு நாற்காலியை மரத்தடியில் விரித்து, புளிச்சோற்றுத் தூக்கைக் குரங்கு கண்ணில் படாமல் முந்தானையால் மூடி வைத்துக்கொண்டு, வாரப் பத்திரிகையைப் பிரித்துவிட்டார். பக்கத்தைத் திருப்பியபடியே கேட்டார்:

"ஏனுங்க, பெட்ரோல் இருக்குதான்னு பாத்தீங்களா?"

"நீ சித்த சும்மா இரு அம்மணி. முள்ளு அரையில நிக்குது" என்றார் அண்ணன். பழக்கதோஷம்.

ஒரு மணி நேரம் போனது. கடைசியாக வந்து, ஆம்னியை ஓரங்கட்டிவிட்டு மேலே நடந்துபோன மேஸ்திரி, பர்லியாறு பழக்கடையில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு நிதானமாகக் கீழே நடந்து வந்தார். பானெட் பக்கம் போகவேயில்லை. பின் பம்பரைப் பிடித்து வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "டேங்க் காலிங்க" என்றார். மூங்கில் குச்சி கோயமுத்தூரில் கார் ஷெட்டிலேயே இருந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணன்தான் பேசினார். "பாத்தீங்களா, எஞ்சின்ல ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

ஆம்னியிலிருந்த கேன் பெட்ரோலை ஊற்றி, பிளக்கையெல்லாம் துடைத்து மாட்டி, குன்னூர் போய்ச் சேர்ந்தபோது விழாப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நினைவுப் பரிசுகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். நாங்களே எடுத்துக்கொண்டோம். திரும்பும் வழியிலும் பேச்சு பர்லியாறைப் பற்றித்தான். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் பயணம் "சங்க வரலாற்றில் மிகச் சிறப்பாக நடந்தேறியது" என்று குறிப்பேட்டில் ஏறியது. அதற்கு முந்திய தடவை ஆழியாறு போனோம். ஒரு கார்கூட நிற்கவில்லை, சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்பினோம். அதைப் பற்றி யாருக்கும் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

ஆகவே, மலைப்பாதையில் பழைய கார் ஒன்று பானெட்டைத் திறந்து நின்றால் நீங்கள் பரிதாபப்பட்டு உதவிக்கு இறங்க வேண்டாம். ஏற்கெனவே உள்ளே ஆறு தலைகள் இருக்கும், ஏழாவதற்கு இடமிருக்காது. தண்ணீர் பாட்டில் இருந்தால் மட்டும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவருடைய பாட்டிலைத் துண்டு நனைக்க எடுத்துப் போயிருப்பார்கள்.