மைத்துனரின் மருந்தும் கணையத்தின் மௌனமும்

கேள்வி: கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள் வயிறு உப்பிக்கொண்டு கிடக்கிறது. என் மைத்துனர் சாப்பிடும் கணைய என்ஸைம் காப்ஸ்யூலில் ஒன்றைக் கடன் வாங்கி விழுங்கலாமா?

பதில்: மைத்துனரிடம் கடன் வாங்கத்தக்க வஸ்துக்கள் அநேகம் இருக்க, அவருடைய மருந்தின்மீதா கண் போகவேண்டும்? உங்கள் உபாதை பந்தியின் விளைவேயன்றிக் கணையத்தின் குற்றமன்று. இரைப்பைக்குப் பின்னே குறுக்காகப் படுத்துக்கொண்டு, நாள்தோறும் ஒரு லிட்டருக்கும் அதிகமான நீரைச் சுரந்து, கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் பிளந்துகொடுக்கும் அந்த உறுப்பு, தன் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை இழக்கும்வரை வாய் திறந்து முறையிடாத பரம சாது. நாள்பட்ட அழற்சியாலோ, புற்றுநோயாலோ, அறுவை சிகிச்சையாலோ, பிறவியிலேயே பற்றும் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் வியாதியாலோ அது நலிந்த பிறகுதான், மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு மிதந்து, வேளாவேளைக்கு உண்டும் தேகம் மெலிகிறது. அத்தகையோருக்கே இம்மருந்து.

கேள்வி: என் தகப்பனார் இதைச் சாப்பாடு முடிந்து, தாம்பூலமும் தரித்து, சாவகாசமாக விழுங்குகிறார். குணம் தெரியவில்லை. டாக்டரை மாற்றலாமா?

பதில்: முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். சோறும் மருந்தும் ஒரே வண்டியில் ஏறினால்தான் குடலில் சந்திக்கும். பெரியவரோ வண்டி புறப்பட்டபின் ஸ்டேஷனுக்கு வருகிறார். முதல் கவளத்தோடு ஆரம்பித்து, ஒன்றுக்கு மேற்பட்ட காப்ஸ்யூல் உண்டென்றால் உணவின் நடுவிலும் சாப்பிடவேண்டும். கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் இரைப்பையின் அமிலத்தில் அழிந்துபோகுமாதலால், குடலை அடைந்தபின்பே கரையும்படி மேலுறை பூசிய சிறு மணிகளாக அதைச் செய்திருக்கிறார்கள். மென்றால் அவ்வளவு சாமர்த்தியமும் பாழ். பெரியவர்களுக்கு வேளைக்கு 25,000 முதல் 50,000 லைபேஸ் யூனிட் வரை தொடங்கி, டிபனுக்குப் பாதியளவு கொடுப்பது வழக்கம். பால் தாராளமாக விட்ட காபியும் இக்கணக்கில் சேரும் என்பதைப் பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: நெய்யை அடியோடு விட்டுவிட்டால் மருந்தே வேண்டாமல்லவா?

பதில்: வேண்டும். ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்பின் துணையின்றி உடலில் சேரமாட்டா; ஏற்கெனவே இளைத்தவர் நெய்யையும் துறந்தால் மிஞ்சுவது எலும்புதான், அதுவும் பலவீனமாக.

கேள்வி: நான் சுத்த சைவன். இம்மருந்து எதிலிருந்து வருகிறது?

பதில்: பன்றியின் கணையத்திலிருந்து. தாவரச் சரக்கென்று கடையில் விற்கும் ஜீரண மாத்திரைகள் இதற்கு ஈடாகமாட்டா. முற்காலத்தில் இன்ஸுலினும் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்துதான் வந்தது. ஆசாரசீலர்களும் அதன் குலகோத்திரம் விசாரியாமல் ஊசி போட்டுக்கொண்டார்கள். மனம் ஒப்பவில்லையென்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டாருக்குத் தெரியாமல் காப்ஸ்யூலை ஜன்னலுக்கு வெளியே எறிவது மட்டும் வேண்டாம்.