டீசன்டியல்: ஒரு முன்னாய்வு

1. ஆய்வின் தேவை

தமிழர் வாயில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலப் பெயரடைகளுள் சூப்பர், சீரியஸ், டீசன்ட் ஆகிய மூன்றும் தலையாயவை. முதலாவதற்குப் பொருளே கிடையாது. அது ஓர் ஓசை. இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு உரியது. 'பெரியப்பா சீரியஸ்' என்று போன் வந்தால், அவர் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். மூன்றாவதுதான் சிக்கல். அது எல்லாருக்கும் புரிகிறது, என்ன பொருள் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரிவதில்லை. இக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

2. சொற்பிறப்பு

'தகும், பொருந்தும்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து கிளைத்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது. கல்யாண மண்டபத்து 'டெக்கரேஷன்' இதற்குப் பங்காளி முறை. ஆங்கிலேயர் இதை மூன்று வேலைக்கு வைத்திருக்கிறார்கள்: நல்ல மனிதரைச் சொல்ல, 'பரவாயில்லை' ரகச் சாப்பாட்டைச் சொல்ல, அறைக் கதவைத் தட்டி உள்ளே இருப்பவர் உடுத்தியிருக்கிறாரா என்று கேட்க. 1946இல் வெளிவந்த 'கில்டா' படத்தில் ரீட்டா ஹேவொர்த்திடம் கேட்கப்படும் புகழ்பெற்ற கேள்வி மூன்றாம் வகை. மறைக்க வேண்டியதை மறைத்தாயிற்றா என்பதே அதன் சாரம். வாசகர் இதை நினைவில் கொள்க, பின்னால் தேவைப்படும்.

3. இலக்கணம்

தொல்காப்பியர் எச்சவியலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். டீசன்ட் திசைச்சொல், திசைதான் சற்றுத் தொலைவு. 'ஆன' சேர்ந்தால் பெயரடை, 'ஆக' சேர்ந்தால் வினையடை. பேச்சில் ககரம் கெட்டு 'டீசன்டா' என நிற்கும்.

முன்னால் 'ரொம்ப' வந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. 'ரொம்ப டீசன்டான ஆளாத்தானே தெரிஞ்சாரு' என்று எதிர்வீட்டார் சொல்லும் நேரத்தில் வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும். அதே நபரை மறுநாள் நாளிதழ் 'டிப்டாப் ஆசாமி' என்று எழுதும். ஆகவே டிப்டாப் என்பது டீசன்ட்டின் இறந்தகாலம் என இக்கட்டுரை முதன்முறையாக நிறுவுகிறது.

4. களஆய்வு

அ) வாடகை வீடு. மாடி போர்ஷன் பார்க்க வந்தவரிடம் வீட்டுக்கார அம்மா சொல்கிறார்: "நாங்க சாதி மதமெல்லாம் பார்க்கிறதே இல்ல தம்பி. டீசன்டான ஃபேமிலியா இருந்தா போதும்." அடுத்து, "சொந்த ஊரு எது?" ஊரைச் சொன்னதும், "அங்க எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதும், "வீட்ல வெஜ்ஜா?" குடும்பத்தின் நடத்தை பற்றி இதுவரை ஒரு கேள்வியும் எழவில்லை என்பதை ஆய்வுலகம் கவனிக்க. "இவர் வந்ததும் கேட்டுட்டு போன் பண்றேன் தம்பி" என்று பேட்டி நிறைவுறும். போன் வராது.

ஆ) சம்பந்தம் பேசுதல். தட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்க, பையனின் தகப்பனார் தொண்டையைச் செருமுகிறார்: "எங்களுக்குன்னு எதுவும் கேக்க மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க டீசன்டா செஞ்சிடுங்க. கல்யாணத்தையும் டீசன்டா நடத்திடுங்க." பெண்ணின் தகப்பனார் அந்தக் கணமே மனத்துக்குள் சவரன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார். வரதட்சணை கேட்பதே குற்றம் என்கிறது 1961ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வினையடை உச்சரிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இ) உத்தியோகம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1999இல் 'டீசன்ட் வேலை' என்பதைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. நியாயமான கூலி, பாதுகாப்பு, சமூகப் பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகியவை அதற்கு அடையாளம். நம் ஊர் இலக்கணத்தில் ஏசி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கசங்காத சட்டை ஆகிய மூன்றே போதும். இரவு பதினோரு மணி வரை ஓவர்டைம் இல்லாமல் உழைத்தாலும் வேலை டீசன்ட். சங்கம் என்று வாயெடுத்தால் ஆள் டீசன்ட் இல்லை. 'சம்பளம் எவ்வளவு?' என்றால் 'டீசன்டா வருது' என்பதே மரபான விடை.

5. விவாதம்

மேற்கண்ட களங்களில் இச்சொல் எந்தப் பொருளையும் விளக்கவில்லை. முதலாவதில் ஒரு சாதியை, இரண்டாவதில் ஒரு தொகையை, மூன்றாவதில் இன்னொரு தொகையை மூடி வைத்திருக்கிறது. ஆங்கிலேயன் கதவுக்கு வெளியே நின்று உடம்பு மூடியிருக்கிறதா என்று கேட்டான். நாம் கேள்விக்கே வேட்டி கட்டிவிட்டோம். அம்மணமாக வந்தால் கேட்பவருக்கே கூச்சம் தரக்கூடிய கேள்விகள் இச்சொல்லை உடுத்திக்கொண்டு நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காருகின்றன. அந்த வகையில் தமிழர் இச்சொல்லின் ஆங்கிலப் பொருளைச் சிதைக்கவில்லை. அதன் மூன்றாம் பொருளுக்கு மிகுந்த விசுவாசமாக இருக்கிறார்கள்.

6. முடிவும் பரிந்துரையும்

இந்திய அரசமைப்பின் 19(2)ஆம் உறுப்பு, பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் காரணங்களில் ஒன்றாக 'டீசன்ஸி'யைக் குறிப்பிடுகிறது. அது எதுவென்று அரசமைப்பு வரையறுக்கவில்லை. எனவே வரையறையைப் புழங்குவோரிடமே கேட்டுப் பெறலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது. வீட்டுக்கார அம்மாவிடம் "டீசன்ட்னா எந்தத் தெரு வரைக்கும்மா?" என்றும், சம்பந்தியாரிடம் "டீசன்டான்னா எத்தனை சவரன் சார்?" என்றும் வினவப்பட்டது. இருவரும் தனித்தனியே, ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே விடையைத் தந்தனர்: "என்ன சார் நீங்க, இப்படி டீசன்ட் இல்லாம கேக்கறீங்க?"

இச்சொல்லின் பொருளைக் கேட்பவர் இச்சொல்லுக்கு வெளியே தள்ளப்படுவார் என்பது இதனால் பெறப்பட்டது. வருங்கால ஆய்வாளர்கள் சொந்த வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் முடித்த பிறகே இத்துறையில் இறங்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது.