பூனைமுடிப் புராணம்

பாயிரம்

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று ஆண்களுக்குப் பழமொழி செய்து கொடுத்த தமிழ், பெண்களை அம்போவென்று விட்டுவிட்டது. எங்கள் மேலுதட்டில் முளைப்பதற்குப் 'பூனைமுடி' என்று ஒரு செல்லப் பெயர் வைத்ததோடு சரி. பூனைக்கு மீசை லட்சணம், அந்தப் பூனையின் பெயரில் எங்களுக்கு முளைத்தால் மட்டும் அவலட்சணமா? பூனையும் கேட்கவில்லை, புலவரும் கேட்கவில்லை. அம்பத்தூரில் பிறந்து 14 வயதிலிருந்து சொந்த மேலுதட்டோடு மல்லுக்கட்டியவள் என்ற ஒரே தகுதியில் நான் கேட்கிறேன். மேலுதட்டைத் தும்பிக்கையால் மறைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர் பிள்ளையார் ஒருவர்தான். ஆகவே காப்பு அவருக்கே.

திருநகரப் படலம்

புராணம் என்றால் முதலில் நகர்வளம் பாட வேண்டும். எங்கள் ஊர் வளம் வயலில் இல்லை, லேத்தில். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே டன்லப் டயர் வந்தது. அறுபதுகளில் தொழிற்பேட்டை வந்தது. அதை 'எஸ்டேட்' என்று சொல்லாவிட்டால் ஷேர் ஆட்டோக்காரருக்கே புரியாது. பக்கத்து ஆவடியில் 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1961-இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் அதன் வாசலிலிருந்து விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது.

எஸ்டேட் பட்டறைகளில் இரும்பை வெட்டினால் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைத் தேய்த்து எடுப்பதை 'பர் எடுக்கிறது' என்பார்கள். அப்பா அதில் கில்லாடி. விரல் நுனியால் ஒரு தடவு தடவியே பிசிறு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டிலேயே பாட்டி, அம்மா, அத்தை, நான் என்று நாலு மேலுதடு நிறையப் பிசிறு. அதில் ஒன்றுகூட அவர் கண்ணில் பட்டதில்லை. டிராயிங்கில் இல்லாத ஐட்டம்.

ஆவடிக்கு டாங்கித் தொழிற்சாலை வந்த அதே 1961-இல், இங்கிலாந்தில் ஃபெரிமன், கால்வே என்று இரண்டு பேர் பெண்ணுடம்பில் 11 இடங்களைக் குறித்து, இடத்துக்கு 0 முதல் 4 வரை முடிக்கு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். முதல் இடம் மேலுதடு. பிற்பாடு 9 இடமாகக் குறைத்து, மொத்தம் 36 மார்க் ஆக்கினார்கள். எங்கள் தெருப் பெண்கள் முட்டை வாங்க ஆசைப்பட்டிருக்கக்கூடிய ஒரே பரீட்சை அதுதான்.

மஞ்சள் படலம்

எங்கள் வீட்டு ஆராய்ச்சித் துறைத் தலைவர் பாட்டி. எஸ்டேட் காம்பவுண்டு ஓரமாகக் கேட்பாரற்று வளரும் குப்பைமேனியைப் பறித்து வருவாள். கஸ்தூரி மஞ்சளோடு அம்மியில் வைத்து அரைத்து, ராத்திரி என் மூஞ்சியில் அப்பிவிடுவாள். "பேர்லியே மேனி கீதுடி, மேனிக்கு ஆவாதா?" என்பது அவள் தரும் அறிவியல் ஆதாரம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் 'பங்கனபள்ளி' என்று பெயர். தலையணை உறை மஞ்சள், யூனிஃபார்ம் காலர் மஞ்சள், நான் சாய்ந்த சுவர் மஞ்சள். முடி போனதா என்று கேட்டால், மஞ்சளே இன்னும் போகவில்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூஞ்சியில் மீசை இருக்கிறதா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் காமாலையா என்றுதான் கேட்டார்கள்.

திருவேற்காடு கருமாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளவும் பாட்டி யோசித்தாள். தலைமுடி என்றால் மொட்டை போட்டுக் காணிக்கை செலுத்தலாம். மேலுதட்டு முடிக்கு எந்தக் கவுன்ட்டரில் சீட்டு வாங்குவது? திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது.

1995-இல் மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று சொல்லி அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போராடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. காயம் என்பதால் ஜெயித்தோம். மீசைக்காக வழக்கு நடந்திருந்தால், பாட்டி நம் தரப்பு நிபுணராகக் கூண்டேறியிருப்பாள். எதிர்த்தரப்பு என் மூஞ்சியைச் சான்றாவணமாகத் தாக்கல் செய்திருக்கும்.

அரிதாரப் படலம்

பாட்டிக்கு முந்தைய பாட்டன்மார் இன்னும் துணிச்சல்காரர்கள். முடி உதிர்க்கச் சங்குப் பொடியும் அரிதாரமும் சேர்த்த பூச்சு ஒன்று சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. துருக்கிக் குளியல் கூடங்களிலும் சுண்ணாம்பையும் அரிதாரத்தையும் குழைத்துப் பூசிக்கொண்டார்கள். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் தாது. கொஞ்ச நேரம் கூடுதலாக விட்டால் முடியோடு தோலும் விடைபெறும்.

கூத்துக் கொட்டகையில் 'அரிதாரம் பூசுவது' என்கிறோமே, அதே அரிதாரம்தான். ஸ்த்ரீபார்ட் நடிகர் மழித்த மீசையின் பச்சை நிழலை மறைக்க அதைப் பூசினார். பெண் தன் மீசையை உதிர்க்க அதைப் பூசினாள். ஒரே தாதுவை வைத்துக்கொண்டு அவரும் பெண்ணாக முயன்றார், இவளும் பெண்ணாக முயன்றாள். கைதட்டல் மட்டும் அவருக்கு.

இப்போது டியூபில் வரும் கிரீமில் ஆர்சனிக் கிடையாது. தயோகிளைகோலேட் என்ற கந்தகச் சேர்மமும், அதற்குத் துணையாகச் சுண்ணாம்பு வகையறாவும் இருக்கின்றன. எவ்வளவு ரோஜா வாசனை சேர்த்தாலும் அடியில் ஓர் அழுகின முட்டை வாடை வருகிறதே, அது கந்தகம் விட்டுச்சென்ற பூர்வீகச் சொத்து. அம்மா கிரீம் போட்ட நாளில் அப்பா சமையலறைக்குப் போய் முட்டைக் கூடையை முகர்ந்து பார்ப்பார்.

உலகம் முழுக்க இதே பாடு என்று நினைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு ஈரானில் பெண்ணின் மேலுதட்டில் லேசான மீசை இருந்தால் அது அழகு. இல்லாதவர்கள் மை தீட்டி வரைந்துகொண்டார்கள். நான் பிறந்த நேரத்தையும் ஊரையும் நினைத்து வருந்தியது அதைப் படித்த அன்றுதான்.

கதிர்ப் படலம்

விஞ்ஞானம் வந்தது, விமோசனம் வந்தது என்று நினைத்தவர்களுக்கு வந்த சோதனை இது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்று ஓர் ஊர். அங்கே 1875-இல் சார்லஸ் மிச்செல் என்ற கண் மருத்துவர், கண்ணுக்குள் குத்தும் இமைமுடியின் வேரில் கம்பியைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். முடி திரும்ப முளைக்கவில்லை. மின்பகுப்பு முறை அங்கேதான் பிறந்தது. ஒவ்வொரு முடிக்கும் ஒரு ஷாக். பொறுமைசாலிகளுக்கான வைத்தியம்.

பொறுமையில்லாதவர்களுக்கு எக்ஸ்ரே கிடைத்தது. அது கண்டுபிடிக்கப்பட்ட மறுவருடமே, 1896-இல், வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் அதை ஒரு சிறுமியின் முடி அடர்ந்த மச்சத்தின் மேல் பாய்ச்சினார். 1920-களில் ஆல்பர்ட் கைசர் என்ற டாக்டர் அமெரிக்க அழகு நிலையங்களில் 'டிரைக்கோ' என்ற எக்ஸ்ரே இயந்திரத்தை இறக்கினார். வலியில்லை, ரத்தமில்லை, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும். முடி போனது உண்மை. சில வருடங்களில் தோல் சுருங்கியது, புண் வந்தது, புற்றுநோயும் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் 'கோரெம்லு' என்று ஒரு கிரீம் விற்றார்கள். அதில் இருந்த சரக்கு தாலியம், அதாவது எலி பாஷாணம். பூசியவர்களுக்கு மீசை மட்டுமா போயிற்று? தலைமுடி, நரம்பு, நடை எல்லாம் போயிற்று.

பூனைமுடிக்கு எலி மருந்து! படித்தவர்கள் செய்த வேலை. அதற்கு என் பாட்டியின் குப்பைமேனி ஆயிரம் மடங்கு மேல். அது என்னைக் கேலிக்கு ஆளாக்கியது, ஆனால் காடுவரை அனுப்பவில்லை.

ஸ்பிரிங் படலம்

1986-இல் இஸ்ரேலின் ஹகோஷ்ரிம் என்ற கூட்டுப்பண்ணைக் கிராமத்திலிருந்து 'எபிலேடி' வந்தது. வளைத்த ஸ்பிரிங் ஒன்று மோட்டாரில் சுழலும். சுருள் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் நெருங்கும், நடுவில் சிக்கிய முடியை வேரோடு பிடுங்கும். ரெமிங்டன் கம்பெனி ஸ்பிரிங்குக்குப் பதில் கீறல் போட்ட ரப்பர் தண்டை வைத்து அதே வேலையைச் செய்தது. வழக்கு நாடு நாடாகப் போனது. ரப்பர் தண்டு ஸ்பிரிங் ஆகாது என்றது லண்டன். ஆகும் என்றது ஜெர்மனி. காப்புரிமைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கை உருப்போடுகிறார்கள். பெண்கள் காலில் முடி பிடுங்கும் சாமானுக்காக நீதிபதிகள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்ட வழக்கு அது.

அந்தக் காலத்தில்தான் துபாயிலிருந்து வந்த சித்தப்பா அப்படியொரு மிஷினை அத்தைக்குக் கொடுத்தார். என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள். மிக்ஸிக்குப் பேரன் மாதிரி இருந்தது. அத்தை எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். மோட்டார் வைத்த எதற்கும் பயப்படாதவள். கையேட்டில் கால் படம்தான் இருந்தது. அத்தை கையேட்டைப் படிப்பவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, டி.வி.யில் மகாபாரதம், தெருவில் ஈ காக்கை இல்லை. யாரும் பார்க்காத நேரம் என்று குளியலறைக்குள் போய் மேலுதட்டில் வைத்தாள்.

திரைக்குள் திரௌபதி சபைக்கு இழுத்து வரப்பட்ட அதே நொடியில், உள்ளேயிருந்து "ஐயோ, வுடுடா பாவி!" என்று ஓர் அலறல். எங்கள் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் கண்ணில் நீர் முட்டியது. "இன்னா பக்தி பாரு உங்க அத்தைக்கு" என்றாள் எதிர்வீட்டு ஆயா. அத்தை அரை மணி கழித்துத்தான் வெளியே வந்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. பாதி மீசை போயிருந்தது. மீதிப் பாதிக்கு அவளுக்கு மனம் துணியவில்லை.

பிளேடு படலம்

இத்தனைக்கும் குளியலறை மாடத்தில் அப்பாவின் ஷேவிங் செட் தேமே என்று உட்கார்ந்திருந்தது. பிரஷ், கிண்ணம், படிகாரக் கட்டி, பிளேடு. பிளேடால் நகம் வெட்டலாம், பென்சில் சீவலாம், தையல் பிரிக்கலாம். முகத்தில் மட்டும் வைக்கக் கூடாது. "பிளேடு பட்டுச்சு, அவ்ளோதான், கட்டபொம்மன் கணக்கா மொளச்சிடும்" என்பது பாட்டியின் சட்டம். அதை மீறி 1988-இல் நான் கதவைச் சாத்திக்கொண்டு அரை பிளேடால் முதல்முறை சிரைத்தேன். ஒரு வாரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டபொம்மன் வரவில்லை. பழைய பூனைதான் வந்தது.

எனக்கு அன்று தெரியாதது, அதே செயின்ட் லூயிஸில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறு அறிஞர் 1928-லேயே இந்தக் கேஸை முடித்துவிட்டார் என்பது. நாலு ஆண்களை ஒழுங்காக ஷேவ் செய்ய வைத்து, முடியை அளந்து பார்த்தார். தடிக்கவில்லை, வேகமாக வளரவும் இல்லை. நம்பாதவர்களுக்காக 1970-இல் இன்னொரு சோதனை நடந்தது. ஐந்து இளைஞர்கள் மாதக்கணக்கில் வாராவாரம் ஒரு காலை மட்டும் மழித்தார்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசமே இல்லை. வெட்டாத முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். வெட்டியதன் நுனி மட்டையாக நிற்கும், தடவினால் சொரசொரக்கும். இவ்வளவுதான் ரகசியம். பெண்களின் பயத்தைத் தீர்க்க ஒற்றைக் கால் மழித்துக்கொண்டு திரிந்த அந்த ஐவருக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

அப்பாவின் புலம்பல் அந்த நாட்களில்தான் ஆரம்பித்தது. விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். "நாலு ஷேவுக்கு வரணும், ரெண்டுக்கே மழுங்கிடுது. கம்பெனிக்காரன் ஸ்டீல்ல ஏமாத்துறான்." கம்பெனி மாற்றினார். மறுபடி மாற்றினார். நான் வாயைத் திறக்கவில்லை. குற்றவாளி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். பாட்டி போனபிறகு அவள் சுருக்குப்பையைத் திறந்தோம். கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, காலண்டர் தாளில் பத்திரமாக மடித்த அரை பிளேடு ஒன்று. "வெத்தலைக் காம்பு கிள்ள வெச்சிருந்திருப்பாங்க" என்றாள் அம்மா, என் கண்ணைப் பார்க்காமல்.

2020 வந்தது. ஊரடங்கில் பார்லர்களுக்குப் பூட்டு. ஜூன் 1-ஆம் தேதி சென்னையில் திறந்தபோது, வருகிறவர்களின் பெயர், விலாசம், ஆதார் எண் எல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு. மீசை எடுக்க ஆதார்! ஆதார் படத்தில் அந்த மீசை இருப்பதால் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம் என்று என் மகள் சொன்னாள். ஜூன் 19-இல் சென்னையையும் திருவள்ளூரையும் சேர்த்து மறுபடி பூட்டினார்கள். முகக்கவசம் மட்டும் இல்லாவிட்டால் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டிலிருந்து பூந்தமல்லி வரை எத்தனை குட்டு வெளிப்பட்டிருக்குமோ.

ஜூலையில் ஒருநாள் அப்பா காலிப் பாக்கெட்டோடு கூடத்துக்கு வந்தார். மார்ச்சிலிருந்து அவர் தாடி வளர்க்கிறார். அது நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நான் மூணு மாசமா ஷேவே பண்ணல. அஞ்சு பாக்கெட் பிளேடு எங்க போச்சு?"

அம்மா கீரை ஆய்ந்தாள். அத்தை ஊசியில் நூல் கோத்தாள். மகள் செல்போனுக்குள் போய்விட்டாள். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், எஸ்டேட்டில் பிசிறு பார்த்த அதே பார்வை. நாலும் வழவழவென்று இருந்தன. முப்பது வருடக் கணக்கு அவருக்குள் மெதுவாக நேரானது.

"அப்ப... கம்பெனிக்காரன் மேல தப்பில்ல."

நூற்பயன்

இந்தப் புராணத்தைப் படித்தோரும், படிக்கக் கேட்டோரும், புது பிளேடும் சோப்பு நுரையும் கொண்டு, முடி சாயும் திக்கிலேயே மழித்து, ஒருவர் பிளேடை இன்னொருவர் தொடாதிருக்கக் கடவர். தாடையில் திடீரென்று தடித்து முளைத்து, மாதக் கணக்கும் தப்பினால், பிளேடை வைத்துவிட்டு டாக்டரிடம் போகக் கடவர். எடுக்க விருப்பமில்லாதோர் எடுக்காமலே இருக்கக் கடவர். ஈரான் அவர்களை ஆசீர்வதிக்கும். வீட்டு ஆண்கள் கம்பெனிக்காரனைத் திட்டுவதை விட்டு, மாதச் சாமான் சீட்டில் இரண்டு பாக்கெட் சேர்த்து எழுதக் கடவர்.

எங்கள் வீட்டில் எழுதுகிறார்கள். கையெழுத்து அப்பாவுடையது.