தனியாக ஒரு படை நடத்தலாமா?

கே: மேசைமேல் கட்டம் விரித்து, மந்திரவாதியும் வாள்வீரனும் பூதங்களோடு மோதும் கதையாட்டத்துக்கு நாலைந்து பேரும், கதை நடத்த ஒரு கேம் மாஸ்டரும் வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. தனியாக ஆட முடியுமா?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

ப: தாராளமாக. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டது 1974-ல். கூட்டாளி கிடைக்காதவர்களின் குறை உடனே அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். 1975-லேயே கைகாக்ஸ் தனி ஆளுக்கான விதிகளை எழுதிவிட்டார். அடுத்த அறை எப்படி இருக்கும், கதவு எந்தப் பக்கம், உள்ளே என்ன காத்திருக்கிறது என்பதையெல்லாம் பகடை உருட்டி அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். 1982-ல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்’ 400 பத்திகளாகப் பிரிந்த புத்தகம், வாசகரே நாயகன். நீங்கள் தேடும் துணை ஐம்பது வருடமாக அச்சில் இருக்கிறது.

கே: தனக்குத் தானே விளையாடுவது மனநலத்துக்கு நல்லதா என்று மாமியார் கேட்கிறார்.
— நெல்லிக்குப்பம் வாசகி

ப: அவரிடமே சீதைப் பாண்டி பற்றிக் கேளுங்கள். பல்லாங்குழியில் ஒருவரே ஆடும் ஆட்டம் அது. அசோகவனத்தில் சீதை தனித்திருந்தபோது ஆடியது என்று பாட்டிகள் சொல்லித் தந்தது. மாமியாருக்குக் காய் அள்ளத் தெரிந்திருந்தால், அன்று மாலையே உங்களுக்குக் கூட்டாளி கிடைத்துவிடுவார்.

கே: கேள்வியும் நானே, பதிலும் நானே என்றால் திகைப்பு எங்கிருந்து வரும்? ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிடுமே?
— பண்ருட்டி ஆசிரியர்

ப: தனி ஆட்டத்தின் உயிரே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது, சார். கேட்பது மட்டும்தான் உங்கள் வேலை, பதிலைப் பகடையிடம் விட்டுவிட வேண்டும். ‘காவலன் தூங்குகிறானா?’ என்று ஆம், இல்லை என விடை வரும் கேள்வியாகக் கேட்டு உருட்டுவது. டானா பிஜனின் ‘மித்திக்’ விதிநூல் 2003-ல் இந்த முறையை விரிவாக வகுத்தது. இன்று பெரும்பாலான சோலோ ஆட்டங்கள் ஏதோ ஒரு வகையில் இந்தப் பாதையில்தான் நடக்கின்றன.

அதற்காக இருபது முகப் பகடை தேடி அலைய வேண்டாம். வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டை போதும். ஒவ்வொரு கட்டையிலும் 1, 2, 3 புள்ளிகளும் ஒரு வெற்று முகமும் உண்டு. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். 3 விழ 4 வழி. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று. தாயத்துக்கும் 5-க்கும் இரண்டிரண்டு. 6-க்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் 12-க்கு ஒன்று. 3 வரை விழுந்தால் ‘ஆம்’, அதற்கு மேல் ‘இல்லை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். 16-க்கு 9 என்ற கணக்கில் ‘ஆம்’ பக்கம் சற்றே சாயும், கதை முட்டி நிற்காமல் நகர அந்தச் சாய்வு தேவை. தாயம் விழுந்தால் ‘ஆம், கூடவே எதிர்பாராத நன்மை’. 12 விழுந்தால் ‘இல்லை, நிலைமை இன்னும் மோசம்’. காவலன் தூங்கவில்லை, உங்கள் முகமும் அவனுக்குத் தெரியும்! அந்த நொடியில் நீங்கள் திகைப்பீர்கள். அந்தத் திகைப்புக்காகத்தான் நான் இதை ஆடுகிறேன்.

கே: பிடிக்காத எண் விழுந்தால் என் மகன் கட்டையை மறுபடி உருட்டுகிறான். கண்டிக்கவா?
— வடலூர் தந்தை

ப: வேண்டாம். உருட்டுவதற்கு முன்னால் கேள்வியை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மையில் எழுதிய கேள்விக்கு இரண்டு பதில் எழுதக் கை கூசும்.

கே: சண்டைதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆனால் எதிரியையும் நானே நகர்த்துவதால் என் திட்டம் முழுக்க அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. என்ன செய்ய?
— சிதம்பரம் வடக்கு வீதி, கல்லூரி மாணவி

ப: எதிரியைச் சிந்திக்க விடாதீர்கள், உத்தரவுக்குக் கட்டுப்பட வையுங்கள். சண்டை தொடங்கும் முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுங்கள்: ஈட்டிக்காரன் கிட்டத்தில் இருப்பவரைத் தாக்குவான், வில்லாளி ஆறு கட்டத்துக்குள் யாரையும் வர விடாமல் பின்வாங்குவான், கூட்டத்தில் பாதி விழுந்தால் மிச்சம் ஓடும். அதன்பின் உங்கள் கை அந்தச் சீட்டுக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும். யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியக் கூடாதென்றால், சீட்டுகளைக் கலைத்துக் கவிழ்த்து வையுங்கள். சிலவற்றில் எதிரி, சிலவற்றில் வெறும் நிழல். கிட்டே போனால்தான் திருப்பலாம்.

இன்னொன்று, தனியாக ஆடுகிறவர் அடிக்கடி தோற்பதற்குக் காரணம் எண்ணிக்கை. ஒரு நாயகிக்கு எதிரே நான்கு பேர் நின்றால், நீங்கள் ஒருமுறை வெட்டுவதற்குள் நான்கு வெட்டு உங்கள்மேல் விழும். மாயவாள் வைத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒருவருக்குப் பதில் இரண்டு மூன்று பாத்திரங்களை நீங்களே நடத்துங்கள். அல்லது இடத்தைத் துணைக்கு அழையுங்கள். குறுகிய வாசலில் நின்றால் நான்கு பேரில் ஒருவர்தான் உங்களை எட்ட முடியும்.

உங்கள் ஊருக்கே இந்தப் பாடம் தெரியும். 1781 ஜூனில் சிதம்பரம் கோயில் மதில்களுக்குள் ஹைதர் அலியின் படை இருந்தது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கினார். ஊருக்குள் புகுந்த அவர் படை உள்மதிலைக் கடக்க முடியாமல் திரும்பியது. சில நாள் கழித்து, ஜூலை 1-ம் தேதி, பரங்கிப்பேட்டையில் ஆட்டம் மாறியது. கூட்டிடம் இருந்தது சுமார் 8,000 பேர், ஹைதரிடம் அதைப்போல் பல மடங்கு. கூட் ஒரு பக்கம் கடலை வைத்துக்கொண்டு மணல்மேடுகளுக்கு இடையே நகர்ந்தார், பெரிய படை அவரைச் சுற்றி வளைக்க முடியவில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இரண்டையும் வரைந்து ஆடிப் பாருங்கள். ஹைதர் பக்கத்தில் ஒரு மந்திரவாதியைச் சேர்த்தால் என்னவாகும் என்பதை அறிய எனக்கும் ஆசை.

கே: நடராஜர் கோயிலையே களமாக வைத்துப் பூதங்களோடு சண்டை போடலாமா?
— சிதம்பரம் வாசகர்

ப: சந்நிதிக்குள் வாள் வேண்டாம். பக்தர்கள் மனம் நோகும், ஆட்டத்துக்கும் அது தேவையில்லை. நான்கு ரத வீதிகளும் அவற்றின் திருப்பங்களும் துரத்தலுக்கு எவ்வளவு தோது என்று பாருங்கள். கோபுரத்துக்குள் கால் வைத்தவரை எவரும் தொடக் கூடாது என்று ஒரு விதி சேருங்கள். அதன்பிறகு மேல வீதியிலிருந்து ஓடிவரும் ஒவ்வொரு கட்டமும் உயிருக்குச் சமம்.

கே: கற்பனை உலகம் என்றாலே பனிமலையும் பைன் காடும்தானா?
— கிள்ளை வாசகர்

ப: பிச்சாவரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களா இதைக் கேட்பது! ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் சதுப்புநிலக் காடு, கிளைகிளையாகப் பிரியும் கால்வாய், தண்ணீருக்கு மேல் வளைந்து நிற்கும் சுரபுன்னை வேர். படகு ஒரு தடவை திரும்பினால் வந்த வழி மறந்துபோகும். எந்த நிலவறைக்கும் இது குறைந்ததில்லை. அங்கேயே தில்லை மரமும் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். தில்லைக் கிளையை வெட்டி வழி செய்கிறவர் கட்டை உருட்ட வேண்டும்; 12 விழுந்தால் மூன்று சுற்றுக்குக் கண் தெரியாது. இந்தப் பொறியைக் கற்பனை செய்ய எந்த எழுத்தாளரும் தேவைப்படவில்லை, காடே வைத்திருக்கிறது. வேலியேற்றம், வடிதல் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு சுற்றுக்கு ஒருமுறை நீர்மட்டம் மாறினால், போகும்போது இருந்த வழி வரும்போது இருக்காது.

கே: நாயகனை எப்படி உருவாக்குவது? எண்கள் எழுதிவிட்டேன், ஆனால் ஆள் உயிரோடு எழவில்லை.
— காட்டுமன்னார்கோயில் வாசகி

ப: உங்கள் வீராணம் ஏரிக்கரையில்தான் தமிழின் மிகப் பிரபலமான தனிவழிப் பயணி குதிரையில் வந்தான். கல்கி 1950-ல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று அங்கே வருகிறான். கையில் கொடுத்த வேலை, மடியில் ஓலை, அடக்க முடியாத வாய். மூன்றுமே அவனை வம்பில் மாட்டிவிடுகின்றன. உங்கள் ஆளுக்கும் முடித்தாக வேண்டிய ஒரு வேலை, மறைக்க வேண்டிய ஒரு பொருள், திருந்தாத ஒரு குணம் கொடுங்கள். எண்கள் அதன்பிறகு தானாகப் பேசும்.

கே: சிதம்பரத்துக்கு இவ்வளவு சொன்னீர்கள். கடலூருக்கு?
— தேவனாம்பட்டினம் வாசகர்

ப: கடலூருக்கு இரண்டு ஆட்டம் சொல்கிறேன். 1690-ல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் அதில் அடக்கம். சுட்டார்கள், குண்டு விழுந்த இடம்வரை எல்லையானது. அந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். ஒரே உருட்டலில் ஊர்கள் கைமாறியதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அதையே ஆட்டமாக்குங்கள்: குண்டு விழப்போகும் ஊரில் உங்கள் நாயகி இருக்கிறாள், பீரங்கி நிலைக்கு வர எட்டுச் சுற்று ஆகும்.

இரண்டாவது இன்னும் துயரமானது. 1783 ஜனவரியிலேயே ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டன. செய்தி ஏறிய கப்பல் கடலில் வந்துகொண்டிருந்தது. அது சேர்வதற்குள் ஜூனில் கடலூர் முற்றுகையில் இரு தரப்பும் ஒருவரையொருவர் கொன்றார்கள். ஒவ்வொரு மாலையும் கட்டையை உருட்டுங்கள், தாயம் விழுந்தால் கப்பல் கரை சேரும், போர் நிற்கும். எட்டில் ஒரு வாய்ப்பு. அதுவரை உங்கள் ஆட்களை உயிரோடு வைத்திருப்பது மட்டுமே வெற்றி. நான் ஆடிய களங்களில் இதுபோல் நெஞ்சைப் பிடித்தது வேறில்லை.

கே: செலவு? எல்லாமே ஆங்கிலமாமே?
— குறிஞ்சிப்பாடி வாசகர்

ப: ஷான் டாம்கினின் ‘அயர்ன்ஸ்வோர்ன்’ தனியாகவும் ஆடும்படி வடிவமைத்தது, இலவசம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அடிப்படை விதிகளையும் 2023 ஜனவரியில் எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். விதிகள் ஆங்கிலம்தான். ஆனால் அந்த உரிமத்தில் தமிழாக்கவும் தடையில்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து யாராவது தொடங்கினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

கே: கம்ப்யூட்டரில் இதைவிட அழகாக இருக்கிறதே?
— மஞ்சக்குப்பம் மாணவர்

ப: இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்த பிறகு நம் கடலூர் மாவட்டத்தில் எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்று வீட்டில் கேளுங்கள். நோட்டும் கட்டையும் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் வேலை செய்யும்.

கே: என் வீராங்கனை பிச்சாவரத்தில் இறந்துவிட்டாள். மனசு ஆறவில்லை. கடைசி உருட்டலை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?
— பரங்கிப்பேட்டை வாசகி

ப: மாற்றாதீர்கள், அம்மா. ஒரு கேள்வி கேளுங்கள்: அவளை ஏற்றிப்போன படகோட்டி கரைக்குத் திரும்பினானா? ‘ஆம்’ விழுந்தால் அடுத்த கதைக்கு அவன்தான் நாயகன். முதல் காட்சி, அவள் வீட்டில் போய்ச் செய்தி சொல்வது. ‘இல்லை’ விழுந்தால் கிள்ளையிலிருந்து அவள் தங்கை தேடிக் கிளம்பட்டும். அக்கா வரைந்த கால்வாய் வரைபடம் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது, அதைத் தங்கையிடம் கொடுங்கள். வேலியேற்றக் கணக்கை மட்டும் புதிதாகத் தொடங்குங்கள்.