சம்பளம் யார் கையில்?

கேள்வி: அமெரிக்கா பிரிட்டனின் காலனியாக இருந்தபோது, மன்னர் அனுப்பிய ஆளுநரை உள்ளூர்ச் சபைகளால் என்ன செய்ய முடிந்தது?

பதில்: சம்பளத்தில் கைவைக்க முடிந்ததே! சட்டத்தை நிராகரிக்கவும் சபையைக் கலைக்கவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கஜானா சாவி சபையிடம். 1728இல் மாசசூசெட்ஸ் காலனிக்கு ஆளுநராக வந்த வில்லியம் பர்னெட், ஆண்டுக்கு 1,000 பவுண்டு நிரந்தரச் சம்பளம் கேட்டார். அவ்வப்போதுதான் தருவோம் என்றது சபை. கொடுத்ததையும் அவர் வாங்க மறுத்தார். சபை கூடிய பாஸ்டன் நகரத்தார்தான் தூண்டிவிடுகிறார்கள் என்று கூட்டத்தையே சேலம் ஊருக்கு மாற்றினார். உறுப்பினர்கள் அங்கேயும் போய் அதே பதிலைச் சொன்னார்கள்! மறு ஆண்டு அவர் இறக்கும்வரை சபையின் பிடி தளரவில்லை. சொத்துள்ள ஆண்கள் மட்டுமே தேர்ந்தெடுத்த சபைதான்; ஆனாலும் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கிறது. 1735இல் லண்டன் இறங்கிவந்து, ஆண்டுதோறும் சபை ஒதுக்குவதையே ஆளுநர் வாங்கிக்கொள்ள அனுமதித்தது.