அதுக்கு ஃப்ரீயா ஒண்ணு இருக்கு!

ஒவ்வொரு அடுக்ககத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். சங்கத்தில் செயலாளர் பதவி கொடுத்தால்கூட வேண்டாம் என்பார். யாராவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெருமூச்சு விட்டால் போதும், லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி வந்துவிடுவார். "இந்த சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் சந்தா கட்டணுமாம் சார்" என்று நாம் முடிப்பதற்குள், "எதுக்கு சார் தண்டம்? அதுக்கு ஃப்ரீயா ஒண்ணு இருக்கு!" என்று சாவிக்கொத்தை எடுப்பார். அதில் வீட்டுச் சாவி இருக்கிறதோ இல்லையோ, பென் டிரைவ் ஒன்று தொங்கும்.

ஓசிப் பேர்வழி என்று எடை போட்டுவிடாதீர்கள். இவருக்கு ஆசாரம் உண்டு. "கிராக் போட்டு ஓட்டறவன் கிராக்குதான் சார்" என்பது இவர் வாக்கு. கோப்புகளைச் சுருக்குகிற வின்ராருக்கு நாற்பது நாள் சோதனைக் காலம். அது முடிந்த பிறகும் பாவம், காசு கேட்டுக்கொண்டே வேலை செய்யும். நாமெல்லாம் அந்தச் சின்ன ஜன்னலை மூடிவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுவோம். இவருக்கு மனசு உறுத்தும். அதைத் தூக்கிவிட்டு, அதே வேலையை இலவசமாகச் செய்கிற செவன் ஜிப்பைப் போட்ட பிறகுதான் காபியைத் தொடுவார்.

டவுன்லோடு செய்வதில் இவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாம் தேடிப் போகிற பக்கத்தில் பச்சைப் பச்சையாக நாலைந்து பட்டன்கள் கூப்பிடும். முக்கால்வாசி விளம்பரம். ஆசையாக அமுக்கினால், கேட்காத ஆன்டிவைரஸும் ஊர்பேர் தெரியாத தேடல் பட்டையும் குடியேறிவிடும். இவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார். செய்தவர்களின் சொந்தத் தளத்துக்கு நேராகப் போவார். கடைசியாகப் புதுப்பித்தது எப்போது என்று பார்ப்பார். நிறுவும்போதும் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று ஓடமாட்டார். 'கஸ்டம்' என்பதைத் திறந்து, ஒவ்வொரு டிக்கையும் சந்தேகத்தோடு எடுப்பார்.

தொல்லை அதற்கப்புறம்தான். நிறுவல் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் தலபுராணம் ஆரம்பமாகும். "படம் பார்க்கிற விஎல்சிக்கு எதுக்கு சார் ரோட்டுக் கூம்பு சின்னம்?" நமக்கு எதற்கு அது? ஆனால் விடமாட்டார். 1996-இல் பாரிஸ் எகோல் சாந்த்ரால் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலையாம், அவர்களுடைய மாணவர் சங்கத்தில் தெருக்கூம்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்களாம். அடுத்தது லிப்ரே ஆஃபீஸ் பாகப்பிரிவினை: 2010-இல், ஓப்பன் ஆஃபீஸை வைத்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கியது. ஓப்பன் ஆஃபீஸை வளர்த்தவர்களில் பலருக்குப் புது எஜமானர் வீட்டுச் சமையல் ஒத்துக்கொள்ளவில்லை. அதே வருஷம் லிப்ரே ஆஃபீஸ் என்று தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். "அதனால லிப்ரேயைப் போடுங்க சார், பழைய வீட்ல ஆள் நடமாட்டம் கம்மி." இதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். இலை போடாமல் இருக்க முடியுமா?

சரி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு இவர் என்ன செய்கிறார்? படம் வரையவும் திருத்தவும் ஜிம்ப், கிரிட்டா, இன்க்ஸ்கேப் மூன்றும் உண்டு. இதுவரை செய்த வேலை, மைத்துனரின் பாஸ்போர்ட் படத்தில் ஓரம் வெட்டியது. ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி உண்டு, பாட்டு வராது. முப்பரிமாணப் படம் செய்கிற பிளெண்டரைத் திறந்தால் லேப்டாப் விசிறி அலறும், உடனே மூடிவிடுவார். கணக்குப் போடுகிற லிப்ரே கால்க்கின் பெருமையை மணிக்கணக்கில் பேசுவார். வீட்டுக் கணக்கை அவர் மனைவி இன்னமும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால்தான் எழுதுகிறார்.

ஒரு காரியத்துக்காக மட்டும் இவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். சில வருஷங்களுக்கு முன், கீழ்வீட்டு அம்மாள், ஓய்வுபெற்ற தட்டச்சர், கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க வராமல் தவித்தார். விரல்கள் பழைய டைப்ரைட்டருக்குப் பழகியவை. இவர் தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டரைப் போட்டு, அதிலேயே இருக்கிற பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்து கொடுத்தார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடந்த கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றினார். காலணா செலவில்லை. அன்று கிடைத்த அதிரசம் நியாயமான கூலி.

நன்கொடை என்றால் மட்டும் ஆள் வேறு. லிப்ரே ஆஃபீஸை இறக்கும்போது, முடிந்ததைக் கொடுங்கள் என்று பணிவாக ஒரு வேண்டுகோள் வரும். அதை மூடுகிற வேகத்தில் இவர் வேறெதையும் மூடி நான் பார்த்ததில்லை. யாரோ ராக்கண் விழித்து எழுதியதையும், யாரோ கொடுத்த காசில் அது ஓடுவதையும் தலபுராணத்தில் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்.

அவர் உங்கள் வீட்டுக்கும் வருவார். "லினக்ஸ் போட்டுடலாமா சார்?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. "முதல்ல பென் டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பார்ப்போமே" என்று சொல்லுங்கள். உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகள் இரண்டுமே ஹார்ட் டிஸ்கில் கை வைக்காமல் அப்படி ஓடும். வைஃபை, பிரிண்டர், தமிழ் மூன்றும் ஒழுங்காக வந்தால் மேற்கொண்டு பேசலாம். அதற்கு முன்னால் கல்யாணப் படங்களையும் பத்திர நகல்களையும் வேறொரு டிஸ்கில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.